300 எம்பிபிஎஸ் லைன், 20 மணி நேர டவுன்லோடு

வீட்டில் ஃபைபர் லைன் இருக்கிறது. மொபைலில் ஸ்பீட் டெஸ்ட் போட்டால் முள் கடைசி வரை போய் நிற்கிறது. ஆனால் கேம் கன்சோலில் ஒரு கேமை இறக்கப் போட்டால் "இன்னும் 20 மணி நேரம்" என்கிறது. இப்படி மாட்டிக்கொண்டு முழிக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் மாட்டியபோது கேட்டவர்கள் எல்லாம் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். சொன்னதில் பாதி, காசு செலவழிக்கச் சொல்லும் யோசனை. ஐயாயிரத்து நானூறு ரூபாய்க்கு மேல் போனது. காசைவிட, அரையாண்டு லீவுக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்த அக்கா பையனிடம் "இதோ முடிஞ்சிடும்டா" என்று சொல்லிச் சொல்லி என் பேச்சுக்கே மரியாதை இல்லாமல் போனதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

கன்சோல் எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. நான் பட்ட பாட்டுக்குக் காரணமான குணம் இரண்டு பெரிய கம்பெனிகளின் பெட்டிகளிலும் உண்டு, அதனால் பெயர் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. இன்டர்நெட் கொடுப்பவர் பெயரும் வேண்டாம்.

நடந்ததைச் சொல்வதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. இது தெரியாமல் யாரிடமும் சண்டைக்குப் போகாதீர்கள். லைன் விற்பவர் சொல்லும் எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு இத்தனை மெகாபிட் என்ற கணக்கு. கேம் சைஸ் எழுதியிருப்பது பைட்டில். 8 பிட் சேர்ந்தால்தான் 1 பைட். ஆகவே 100 எம்பிபிஎஸ் லைன் நொடிக்கு 12.5 மெகாபைட்தான் தரும். நான் வாங்கிய கேம் 90 ஜிபி. 100 எம்பிபிஎஸ் லைன் முழு வேகத்தில் ஓடினால் 2 மணி நேரம் ஆக வேண்டும். 300 என்றால் 40 நிமிடம். 20 மணி நேரம் என்று காட்டினால், கன்சோலுக்குப் போய்ச் சேருவது வெறும் 10 எம்பிபிஎஸ். ஆக, முதலில் உங்கள் கேமுக்கும் லைனுக்கும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 100 ஜிபி கேம் இரண்டேகால் மணி நேரம் எடுக்கிறது என்று 100 எம்பிபிஎஸ் வைத்திருப்பவர் புலம்பினால், அங்கே பிரச்சினையே இல்லை. எனக்கு இருந்தது, பத்து மடங்குக்கு.

அப்போது எங்களுடையது 100 எம்பிபிஎஸ் பிளான். தள்ளுபடியில் வந்த கேமை வாங்கி, மதியம் டவுன்லோடு போட்டேன். பையன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டான். "மாமா, இன்னும் எவ்ளோ நேரம்?" 20 மணி நேரம் என்றதும் முகம் சுருங்கியது. அது வரைக்கும் பொழுது போகட்டும் என்று ஏற்கெனவே இருந்த கிரிக்கெட் கேமைப் போட்டுக் கொடுத்தேன். இந்த வரியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன். ராத்திரி பூராவும் ஓடினால் காலையில் தயாராக இருக்கும் என்று ஸ்லீப்பில் போட்டுவிட்டுப் படுத்தேன். எங்கள் அம்மா எழுந்து வந்து, "சும்மா லைட்டு எரிஞ்சிட்டே இருக்கு, கரண்ட் பில்லு யாரு கட்றது" என்று பிளக்கையே பிடுங்கிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. டவுன்லோடு ஓடுகிறது என்பதற்கு அந்தச் சின்ன விளக்கு மட்டும்தான் சாட்சி.

மறுநாள் கஸ்டமர் கேர். ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்தீர்களா, ஸ்பீட் டெஸ்ட் ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்கள் என்ற வழக்கமான பாட்டு. பிறகு ஒரு பையன் வந்தான். ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்று தன் போனில் டெஸ்ட் போட்டான், 98 வந்தது. "நம்ம சைடு பக்காவா இருக்கு சார். கேமுக்கெல்லாம் 100 பத்தாது சார், 300 போட்டுக்கோங்க." அவன் பொய் சொல்லவில்லை, அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் அந்த டெஸ்ட் எதைக் காட்டுகிறது என்று அன்றைக்கு எனக்கு யாராவது சொல்லியிருக்கலாம். ஸ்பீட் டெஸ்ட் சர்வர் பெரும்பாலும் உங்கள் லைன் கொடுப்பவரின் நெட்வொர்க்குக்குள்ளேயோ அதே ஊரிலேயோ இருக்கும். ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறந்து இழுக்கும். உங்கள் போனிலிருந்து அந்த சர்வர் வரை பாதை நன்றாக இருக்கிறது என்பதற்கு மட்டும்தான் அது சான்று. கன்சோலுக்கும் கேம் வைத்திருக்கும் சர்வருக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று அது சொல்லாது. டெஸ்ட் போடுவதென்றால் கன்சோலின் நெட்வொர்க் செட்டிங்ஸில் இருக்கும் டெஸ்ட்டைப் போடுங்கள். அதுவும் துல்லியம் இல்லை, சில நொடிகளே ஓடும். ஆனாலும் பிரச்சினை எந்தப் பக்கம் என்று ஒரு திசை காட்டும்.

300 பிளானுக்கு மாறினேன். ஆறு மாதத்துக்குச் சேர்த்துக் கட்டினால்தான் சலுகை என்றார்கள். மாதம் 500 கூடுதல், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 3,540 ரூபாய். அன்று மாலையே போனில் 290 காட்டியது. கன்சோலில் அதே 20 மணி நேரம், 19 கூட ஆகவில்லை. அந்த நிமிடம் எனக்கு வந்த எரிச்சலை எழுத முடியாது.

அடுத்தது வைஃபை மீது சந்தேகம். ரவுட்டர் ஹாலில் வாசல் கதவுக்கு மேலே, டிவி உள் அறையில், நடுவே இரண்டு சுவர். கடைக்காரர் பேச்சைக் கேட்டு 1,900 ரூபாய்க்கு ஒரு எக்ஸ்டெண்டர் வாங்கினேன். சிக்னல் கம்பிகள் நிறைந்தன, வேகம் நகரவில்லை. இந்த மலிவு எக்ஸ்டெண்டர்களைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரே ரேடியோவில் ரவுட்டர் சொல்வதைக் கேட்டு, அதையே திரும்பக் கன்சோலுக்குச் சொல்ல வேண்டும். ஆகவே கிடைக்கும் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். சிக்னலே எட்டாத அறையில் வாட்ஸப் பார்க்க அது உதவும். 90 ஜிபி இறக்குவதற்கு உதவாது.

பிறகு சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி தெருவுக்குப் போய் 15 மீட்டர் கேட் 6 நெட்வொர்க் கேபிள், இரண்டு முனையிலும் கிரிம்ப் செய்து (அதாவது பிளக் பொருத்தி) வாங்கி வந்தேன். எல்லாமாகச் சேர்த்து 600 ரூபாய்க்குள். நான் செலவழித்ததில் உருப்படியான காசு இதுதான், ஆனால் அது உருப்படி என்று அன்றைக்குத் தெரியவில்லை. சுவர் ஓரமாக ஆணி அடித்து இழுத்து, கன்சோலில் செருகி, வைஃபையை அணைத்துப் பார்த்தால் மறுபடியும் அதே வேகம். பையன் கிரிக்கெட் கேமை மூடாமல் அப்படியே நிறுத்திவிட்டு வந்து எட்டிப் பார்த்தான். "மாமா, விடுங்க மாமா, பரவால்ல." ஒரு பத்து வயதுப் பையன் ஆறுதல் சொல்லும் நிலைமைக்கு வந்திருந்தேன்.

தீர்த்து வைத்தது மின்தடை. மத்தியானம் கரண்ட் போய் ஒரு மணி நேரம் கழித்து வந்தது. கன்சோல் முதலிலிருந்து பூட் ஆகி, டவுன்லோடு தானாகத் தொடர்ந்தது. யதேச்சையாகப் பார்க்கிறேன், மீதி நேரம் மளமளவென்று குறைகிறது. நிமிடக் கணக்குக்கு வந்துவிட்டது. கரண்ட் வந்த சந்தோஷத்தில் பையன் மறுபடி கிரிக்கெட்டைத் திறந்தான். நேரம் மளமளவென்று ஏறியது. "டேய், அதை மூடு." மூடினான், இறங்கியது. "திற." ஏறியது. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து இதையே திரும்பத் திரும்பச் செய்து பார்த்தோம். அவனுக்கு அதுவே ஒரு விளையாட்டு ஆகிவிட்டது.

காரணம் இதுதான். கேம் ஏதாவது திறந்திருந்தால் கன்சோல் தன் டவுன்லோடைத் தானே நெரிக்கிறது. நீங்கள் ஆடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. ஹோம் பட்டனை அழுத்திவிட்டு வெளியே வந்து, கேம் பின்னால் உறைந்து கிடந்தாலும் நெரிக்கும் பெட்டிகள் உண்டு. 2017-ல் ஒரு புரோகிராமர் சோனியின் பிஎஸ்4 கன்சோலுக்கும் சர்வருக்கும் இடையே போகும் டேட்டா பாக்கெட்டுகளைப் பிடித்து அலசி, கேம் திறந்த உடனே அது ஒரு தடவையில் வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கும் அளவு நூறு மடங்கு வரைகூடச் சுருங்குகிறது என்று எழுதினார். மைக்ரோசாப்டின் எக்ஸ்பாக்ஸ் பக்கத்தில், 2021-ல் வந்த ஒரு அப்டேட்டில், டவுன்லோடு வரிசையிலேயே ஓடும் கேமை உறைய வைத்து முழு வேகம் எடுப்பதற்கென்று ஒரு பட்டனே கொடுத்தார்கள். பட்டன் கொடுத்ததிலிருந்தே தெரிகிறது, எத்தனை பேர் இதில் மாட்டியிருப்பார்கள் என்று.

அந்த "ஒரு தடவையில் வாங்கிக்கொள்ளும் அளவு" என்பது புரிந்துவிட்டால் மற்ற எல்லா மர்மமும் விலகிவிடும், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். தெருவுக்குத் தண்ணி லாரி வருகிறது. லாரியில் எவ்வளவு தண்ணீர் இருந்தால் என்ன, உங்கள் கையில் இருப்பது ஒரே ஒரு குடம். லாரி வாசலில் நின்றால் சீக்கிரம் தொட்டி நிரம்பும். தெரு முனையில் நின்றால் நடையிலேயே நேரம் போகும். கன்சோல் ஒரு நடைக்கு 128 கிலோபைட் மட்டும் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். சர்வர் உள்ளூரில் இருந்து, போய்வர 5 மில்லிசெகண்ட் ஆனால் நொடிக்கு 200 நடை, அதாவது 200 எம்பிபிஎஸ் சொச்சம். கன்சோல் நெரிப்பதே உங்கள் கண்ணில் படாது. சென்னையிலிருந்து சிங்கப்பூர் என்றால் போய்வர 40 மில்லிசெகண்டுக்குப் பக்கம், வேகம் 25 எம்பிபிஎஸ் ஆகிவிடும். அமெரிக்கா என்றால் 200-ஐத் தாண்டும், 5 எம்பிபிஎஸ் கிடைத்தால் பெரிது. இந்தக் கணக்கில் உங்கள் பிளான் எங்கேயாவது வருகிறதா? வரவே இல்லை. அதனால்தான் என் 3,540 ரூபாய் ஒரு நொடியைக்கூடக் குறைக்கவில்லை.

கம்பெனிகள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. ஆன்லைனில் ஆடுகிறவருக்குப் பின்னால் ஒரு டவுன்லோடு முழு லைனையும் விழுங்கினால் ஆட்டம் திக்கும். அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. ஆனால் "கேம் திறந்திருப்பதால் மெதுவாக இறங்குகிறது" என்று அந்த டவுன்லோடு திரையில் ஒரு வரி போட்டால் என்ன குறைந்துவிடும்? தமிழில்கூட வேண்டாம், எந்த மொழியிலாவது போடட்டும்.

ஆகவே பத்துப் பைசா செலவழிப்பதற்கு முன் செய்ய வேண்டியது: கேமை வெளியே வந்து விட்டுவிடாமல், மெனுவில் க்ளோஸ் அல்லது க்விட் கொடுத்து மூடுங்கள். யூடியூப் மாதிரி ஆப்களையும் மூடுங்கள். டவுன்லோடை ஒரு முறை நிறுத்தி மறுபடி ஓட விடுங்கள். ராத்திரி ஸ்லீப்பில் விடுவதென்றாலும் கேமை மூடிவிட்டுப் பிறகு விடுங்கள், ஸ்லீப்பில் இன்டர்நெட் தொடர வேண்டும் என்ற செட்டிங் ஆனில் இருக்கிறதா என்றும் பாருங்கள். வீட்டில் பிளக் பிடுங்கும் அம்மா இருந்தால் அவரிடமும் ஒரு வார்த்தை. ஆபீஸில் ஒருவர், லேப்டாப்பில் ப்ராக்ஸி (நடுவில் நின்று வாங்கிக் கொடுக்கும் மென்பொருள்) வைத்து அது வழியாகக் கன்சோலுக்கு இறக்கினால் வேகம் பறக்கும் என்று சொல்லியிருந்தார். நான் அதை மந்திரம் மாயம் என்று தள்ளியிருந்தேன். இப்போது யோசித்தால் காரணம் தெரிகிறது. லேப்டாப் வீட்டுக்குள்ளேயே இருப்பதால் கன்சோலின் நடை ஒரு மில்லிசெகண்டுகூட இல்லை, தூரத்து சர்வரிடம் லேப்டாப் பெரிய அளவில் வாங்கிக்கொள்கிறது. வேலை செய்யும், ஆனால் கேமை மூடினாலே போதும் என்னும்போது இவ்வளவு சுற்று தேவையில்லை.

மூடிய பிறகு எனக்கு வந்தது 94. இருபது மணி நேரத்தோடு ஒப்பிட்டால் அது சொர்க்கம்தான், ஆனால் 300-க்குக் காசு கட்டியவனுக்கு மனம் ஆறுமா? 94, 95 என்று அசையாமல் நின்றால் அது ஒரு அடையாளம், வழியில் எங்கேயோ 100 எம்பிபிஎஸ்ஸோடு நின்றுவிடும் ஈத்தர்நெட் (கேபிள்) இணைப்பு இருக்கிறது என்று அர்த்தம். ஃபைபர் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். நான்கு போர்ட்டில் ஒன்று மட்டும் கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்), மற்ற மூன்றும் 100. நிறைய வீடுகளில் கொடுக்கும் பெட்டி இப்படித்தான் இருக்கிறது. கேபிளை அந்த கிகாபிட் போர்ட்டுக்கு மாற்றியதும் வேகம் 250-ஐத் தாண்டியது. போர்ட் சரியாக இருந்தும் 94-லேயே நின்றால் கேபிளைப் பாருங்கள். கேபிளுக்குள் எட்டுக் கம்பி இருக்கும்; 100 எம்பிபிஎஸ்ஸுக்கு அதில் நான்கு போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். ஒரு கம்பி கிரிம்பில் சரியாக உட்காராவிட்டாலும் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். மலிவு கேபிளில் செம்புக்குப் பதில் செம்பு பூசிய அலுமினியம் இருக்கும், வாங்கும்போது முழுச் செம்புதானா என்று கேட்டு வாங்குங்கள்.

கேபிள் இழுக்க வழியில்லாதவர்கள் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இணைக்கப் பாருங்கள். வைஃபையின் இன்னொரு அலைவரிசையான 2.4-இல் அடுக்குமாடி முழுக்க இருக்கும் ரவுட்டர்களும் ப்ளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். ஒன்றே ஒன்று, 2013-ல் வந்த பிஎஸ்4 முதல் மாடலில் 5 கிகாஹெர்ட்ஸ் வசதியே கிடையாது. செகண்ட் ஹேண்டில் அதை வாங்கியவர்கள் கன்சோலில் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையின் பெயரைத் தேடித் தேடி மாய வேண்டாம், கேபிள்தான் வழி. நின்டெண்டோ ஸ்விட்ச் கன்சோல் வைத்திருப்பவர்களுக்கு, ஓஎல்இடி மாடலின் டாக்கில் (டிவியோடு இணைக்கும் தாங்கியில்) கேபிள் செருகும் லேன் போர்ட் உண்டு. பழைய மாடலுக்கு யூஎஸ்பி அடாப்டர் வாங்க வேண்டும்.

டிஎன்எஸ் மாற்றினால் பறக்கும் என்று வீடியோக்களில் சொல்வதையும் செய்து பார்த்தேன். டிஎன்எஸ் என்பது சர்வரின் பெயரைச் சொன்னால் அதன் முகவரியைத் தேடித் தரும் சேவை, அது லைனை வேகமாக்காது. அது செய்வது, கேம் கோப்பை உங்களுக்கு எந்த ஊர் சர்வர் தரும் என்பதில் கை வைப்பது. ஒரே கோப்பு பல ஊர்களில் இருக்கும், நீங்கள் எங்கிருந்து கேட்கிறீர்கள் என்று ஊகித்துப் பக்கத்து சர்வரைக் கை காட்டுவார்கள். கூகுளின் டிஎன்எஸ்ஸான 8.8.8.8, உங்கள் இன்டர்நெட் முகவரியின் ஒரு பகுதியைக் கேம் பக்கத்துக்குச் சொல்லி அனுப்பும். கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1 தனியுரிமைக்காக அதைச் சொல்லாது. அதனால் சில சமயம் தூரத்து சர்வர் விழும். எனக்கு லைன்காரர் கொடுத்த டிஎன்எஸ்ஸே மேல், திரும்ப அதற்கே போய்விட்டேன். உங்களுக்கு வேறு மாதிரி இருக்கலாம், மாற்றிப் பார்க்கக் காசில்லை. ஒவ்வொன்றாக மாற்றுங்கள், ஒவ்வொரு முறையும் டவுன்லோடை நிறுத்தித் தொடருங்கள், இல்லையென்றால் பழைய சர்வரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும்.

நம் கையில் இல்லாதவையும் உண்டு. பெரிய கேம் வெளியாகும் அன்று உலகமே இழுக்கும். 2020 மார்ச்சில் ஊரடங்கு தொடங்கியபோது சோனியே ஐரோப்பாவில் டவுன்லோடு வேகத்தைக் குறைப்பதாக அறிவித்தது. ராத்திரி எட்டிலிருந்து பதினொன்று வரை மெதுவாகவும் விடியற்காலையில் வேகமாகவும் இருந்தால் அது நெரிசல், விடியற்காலைக்கு விட்டுவிடுங்கள். "அன்லிமிடெட்" பிளானிலும் மாத அளவு உண்டு, பல பிளான்களில் 3,300 ஜிபி. வீட்டில் நாலு பேர் நாள் முழுக்க வீடியோ பார்த்தால் மாதக் கடைசியில் முட்டும். லைன்காரரின் ஆப்பில் போய்ப் பாருங்கள்.

இன்னொன்று, டவுன்லோடு 100 சதவீதம் ஆகியும் "காப்பியிங்" என்று ஓடிக்கொண்டே இருந்தால் இன்டர்நெட்டைத் திட்டாதீர்கள். பழைய கன்சோலின் ஹார்டு டிஸ்க் நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும் மெதுவான ரகம்தான். பிஎஸ்4 போன்றவை அப்டேட்டைச் சேர்க்கும்போது கேமையே ஒரு நகல் எடுத்து எழுதுகின்றன, அதற்கு இடமும் வேண்டும். இந்த நேரத்தில் கரண்ட் போனால் கோப்பு கெட வாய்ப்பு உண்டு.

கேம் ஒரு வழியாக இறங்கியபோது பையனுக்கு லீவு முடிய இரண்டு நாள்தான் பாக்கி. அந்த இரண்டு நாளும் ரிமோட் என் கைக்கு வரவே இல்லை. ஆறு மாதம் முடிந்ததும் 100 பிளானுக்கே திரும்பிவிட்டேன். ஒரு கேம் 40 நிமிடத்தில் இறங்கினால் என்ன, இரண்டு மணி நேரத்தில் இறங்கினால் என்ன, ஜிஎஸ்டியோடு மாதம் 590 ரூபாய் கூடுதலாகக் கொடுக்க அது காரணம் ஆகாது. எக்ஸ்டெண்டரைக் கடைக்காரர் திரும்ப வாங்கவில்லை.

புதிதாக ஃபைபர் போடப் போகிறவர்களுக்கு மட்டும் ஒன்று. லைன் போட ஆள் வரும்போது அவர்கள் வாசல் பக்கமே பெட்டியை மாட்டிவிட்டுக் கிளம்பப் பார்ப்பார்கள், அவர்களுக்கு அதுதான் சுலபம். டிவி இருக்கும் சுவர் வரை ஃபைபரை இழுத்து அங்கேயே மாட்டச் சொல்லுங்கள். அன்றைக்குக் கேட்டால் பெரும்பாலும் முணுமுணுத்துக்கொண்டே செய்துவிடுவார்கள், பிறகு கூப்பிட்டால் அதற்குத் தனியாக ஒரு பில் வரும்.